37 வயதில் ஏசி மெக்கானிக் ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 37. பி.காம். படித்திருக்கிறேன். கோவையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் எட்டரை ஆண்டுகளாக வசூல் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 29,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஏசி மெக்கானிக் தொழில் கற்க ஆசை. ஐடிஐயில் சேர வயது தாண்டிவிட்டதா? ஒரு பயிற்சி மையத்தில் 45 நாள் கோர்ஸுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வயது தாண்டவில்லை. தமிழ்நாட்டு ஐடிஐகளில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்சவரம்பே கிடையாது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணமும் இல்லை. ஆனால் குளிர்சாதன, ஏசி டெக்னீஷியன் பிரிவு 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. அத்தனை நாளும் மனைவியின் சம்பளத்தில் கடன் தவணையையும் வீட்டுச் செலவையும் பார்க்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் ஐடிஐதான் என் முதல் சிபாரிசு. இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

அதற்குமுன் அந்த 45 நாள் கோர்ஸ். கருவிகளின் பெயர், மின்சுற்று, பாதுகாப்பு இதெல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம். கைப்பழக்கம் வராது. ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். காப்பர் பைப்பின் நுனியைப் புனல்போல விரித்து நட்டு போட்டு முறுக்குவதை ஃப்ளேர் என்கிறோம். பைப்பை நேராக வெட்ட வேண்டும். உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது பைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்புத் தூள் உள்ளே போய்விடும். விரித்த முகத்தில் ஒரு கீறல் இருந்தாலும் கேஸ் கசியும். நட்டைக் கூடுதலாக முறுக்கினால் ஃப்ளேர் விரிசல் விடும், குறைவாக முறுக்கினால் ஒழுகும். எவ்வளவு முறுக்குவது என்பதை டார்க் ரெஞ்ச் காட்டும். ஆனால் பைப் வளையாமல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கைதான் சொல்ல வேண்டும். மாடிச் சுவரில் அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்று இதைச் செய்து பழக மாதங்கள் ஆகும்.

“வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கற்காதீர்கள். ஏசிக்குள் கேஸ் மூடிய சுற்றில் ஓடுகிறது, செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றி, எடைபோட்டு கேஸ் நிரப்புபவரே உங்களுக்கு ஆசிரியர். இன்றைக்கு இது இன்னும் முக்கியம். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்ற கேஸ் எரியாது. இப்போது பெரும்பாலான புது ஏசிகளில் வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. சிலவற்றில் இருக்கும் ஆர்-290 புரொப்பேன். சமையல் கேஸ் வகைதான், நன்றாகவே எரியும். இவற்றை வைத்துக்கொண்டு அரைகுறையாக வேலை செய்தால் உயிருக்கே ஆபத்து.

உடம்பையும் யோசியுங்கள். ஒன்றரை டன் அவுட்டோர் யூனிட் சாதாரணமாக 25 கிலோவுக்கு மேல் இருக்கும். மே மாத வெயிலில் அதை மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். முட்டியிலோ முதுகிலோ ஏற்கெனவே தொல்லை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அப்புறம் சீசன். மார்ச்சிலிருந்து ஜூன்வரை சாப்பிட நேரம் இருக்காது. மழைக்காலத்தில் போன் அடிக்காது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வேலையும் தெரிந்தவர்கள் அந்த மாதங்களைச் சமாளிக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது. வசூல் பிரிவில் இத்தனை வருஷம் கோபப்படும் மனிதர்களிடம் பேசிப் பழகியிருக்கிறீர்கள். கணக்கும் தெரியும். சொன்ன நேரத்துக்கு வந்து, பில் கொடுத்து, என்ன பழுது என்று விளக்கிச் சொல்லும் மெக்கானிக்கை யாரும் விடுவதில்லை. 20 வயதில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் இல்லாத மூலதனம் அது.

சரி, என்ன செய்யலாம்? வேலையை இப்போது விட வேண்டாம். வரும் சீசனில் ஞாயிறுதோறும் ஒரு நல்ல மெக்கானிக்கோடு ஹெல்பராகப் போங்கள். சீசனில் அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு, மறுக்க மாட்டார்கள். முதலில் ஏசியைத் தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸும் சுவரில் ஓட்டை போடுவதும்தான் கிடைக்கும். ஜூனிலும் உங்களுக்கு ஆசை குறையவில்லை என்றால் அடுத்த அடி எடுத்து வைக்கலாம். ஹெல்பர் கூலி இப்போதைய சம்பளத்தில் பாதிகூடத் தேறாது என்று வைத்துக்கொண்டு, குறைந்தது ஓராண்டு வீட்டுச் செலவைத் தனியே சேர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிப்படை பிடிபட்ட பிறகு, அந்த 40,000 ரூபாயைக் கருவிகளுக்கு வைத்துக்கொள்வதே மேல்.

கடைசியாக ஒன்று. பி.எஃப். ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். உங்களுக்கு எட்டரைதான் ஆகியிருக்கிறது. இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தால் அந்தத் தகுதி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கும் சேமிப்புக்கும் கிட்டத்தட்ட அதே காலம்தான் தேவைப்படும். ஆனால் ஐடிஐயையும் மனதில் வைத்திருந்தால் 40 வயது வரம்பைக் கணக்கில் வைத்து தேதி குறியுங்கள். இன்னொன்று, வேலையை விட்டால் அலுவலக மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். ஏணியில் ஏறும் தொழில் இது. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உங்களுக்கு விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.