நாயோடு மலைக்குப் போக அறை தேடுகிறீர்களா?

கேள்வி: எங்கள் வீடு குமரி மாவட்டம் தக்கலை பக்கம். ஐந்து வயது லாப்ரடார் வளர்க்கிறோம், எடை 32 கிலோ. பங்குனி பிறந்ததிலிருந்து பகல் முழுக்கக் குளியலறைத் தரையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறான். மே லீவில் குடும்பத்தோடு மூன்று நாள் கொடைக்கானலோ மூணாறோ போகலாம் என்று பார்த்தால், நாய் உண்டு என்றதுமே லாட்ஜ்காரர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி’ என்று இணையத்தில் போட்டிருந்த ஓரிடத்தில் கேட்டதற்கு, ராத்திரி வெளியே கூண்டில்தான் விட வேண்டும் என்றார்கள். எப்படித் தேடுவது? அவனைக் காரில் அவ்வளவு தூரம் கொண்டுபோகலாமா?

பதில்: கூண்டு என்று சொன்ன அந்த இடத்தை முதலில் விட்டுவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் போகட்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் சிறுத்தை ராத்திரியில் குடியிருப்புக்குள் வந்து நாயைத் தூக்கிப் போவது அடிக்கடி நடக்கிற விஷயம். கொடைக்கானல், மூணாறு மலைகளும் சிறுத்தை நடமாடும் காட்டை ஒட்டியவைதான். முற்றத்தில் கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. கம்பிவேலியும் சிறுத்தைக்கு ஒரு தடையில்லை. சிறுத்தை வராத இடமாகவே இருந்தாலும், வீட்டுக்குள் மனிதர்களோடு படுத்துப் பழகியவன் புது ஊரில், குளிரில், தனியாக விடிய விடியக் குரைப்பான். உங்களுக்கும் தூக்கம் போகும், அக்கம்பக்கத்துக்கும் போகும்.

அதனால் ‘நாய்க்கு அனுமதி உண்டா’ என்ற கேள்வி போதாது. ராத்திரி நாய் எங்கே படுக்கும், பகலில் நீங்கள் வெளியே போனால் அது யாரோடு இருக்கும் என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கிற இடம்தான் உங்களுக்கு ஏற்ற இடம். அறையின் அழகு, ஜன்னலில் தெரியும் காட்சி எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த மலை என்று முடிவு செய்ய ஒரு கணக்கு உதவும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர், ஊட்டி 2,240, மூணாறு 1,500-க்குக் கொஞ்சம் மேல், கேரளத்தின் வாகமண்ணும் பொன்முடியும் 1,100 அளவில். கீழே 35 டிகிரி என்றால் பொன்முடியில் 28, கொடைக்கானலில் 21 என்று வைத்துக்கொள்ளலாம். லாப்ரடாருக்கு 28 டிகிரியே பெரிய ஆறுதல். உங்கள் ஊரிலிருந்து பொன்முடி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டி நெடுமங்காடு, விதுரா வழியாக மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். கொடைக்கானலோ 350 கிலோமீட்டருக்கு மேல். நாயோடு முதல் பயணம் என்றால் நான் பக்கத்து மலையைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: பொன்முடி பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் தங்குமிடங்களில் பல அடிவாரத்தில் இருப்பவை. ஆற்றங்கரை, மரநிழல் எல்லாம் உண்டு, ஆனால் மலைக் குளிர் இருக்காது. வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நம்மூர் மலை இருக்கும்போது எதற்கு வெளியூர் என்று சிலர் கேட்பார்கள். காளிகேசம், கீரிப்பாறை பக்கமெல்லாம் வனத்துறையின் காடு. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. கூடவும் கூடாது. நாய்களிடமிருந்து டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய், வெறிநோய் இரண்டும் காட்டு விலங்குகளுக்குப் பரவும். மேகமலையும் 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது, அதுவும் வேண்டாம். குற்றாலமோ மலையடிவாரம். சாரல் தொடங்கும் ஜூனுக்கு முன்னால் அங்கேயும் வெயில்தான்.

இனி தேடுவது. மலையூர்களின் பஸ் ஸ்டாண்ட், கடைவீதி, ஏரி சுற்றியுள்ள லாட்ஜ்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சீசனில் அங்கே ஒரு அறைக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள், நாயோடு வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு அவசியமே இல்லை. ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளியுள்ள தனி காட்டேஜ், எஸ்டேட் பங்களா, உரிமையாளரே பக்கத்தில் குடியிருக்கும் ஹோம்ஸ்டே ஆகியவற்றைப் பாருங்கள். கொடைக்கானல் போவதென்றால் வில்பட்டி, பெருமாள்மலை, அல்லது காப்பித் தோட்டங்கள் உள்ள பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் தேடலாம். தாண்டிக்குடியில் குளிர் கொஞ்சம் குறைவு, கூட்டம் நன்றாகவே குறைவு.

முன்பதிவுத் தளங்களில் செல்லப்பிராணி அனுமதி என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டிக் போட்டிருப்பவர் ஏஜென்ட்டாக இருப்பார், வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கு விஷயமே தெரியாது. விருந்தினர்கள் எழுதிய விமர்சனங்களில் ‘நாய்’ என்று தேடிப் பாருங்கள். ஏற்கெனவே நாயோடு போய்வந்தவர் ஒருவர் எழுதியிருந்தால் அதுதான் நம்பத்தகுந்த சான்று. பிறகு உரிமையாளரின் நேரடி எண்ணை வாங்கிப் பேசுங்கள்.

பேசும் விதத்தில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. அவர்கள் நாயை வெறுத்துப் போனை வைப்பதில்லை. மெத்தையில் மூத்திரம், சோபாவில் முடி, அடுத்த அறைக்காரரின் புகார், வேலைக்காரரைக் கடித்தால் என்ன செய்வது என்ற கவலை, இவ்வளவுதான். அந்தக் கவலைகளை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். “அண்ணாச்சி, ஐந்து வயது லாப்ரடார், வீட்டுக்குள் அசுத்தம் செய்ய மாட்டான், ஊசிப் புத்தகம் இருக்கிறது, அவன் படுக்க விரிப்பு நாங்களே கொண்டுவருவோம், கட்டில் மேல் ஏற விடமாட்டோம், டெபாசிட் தனியாகத் தருகிறோம்” என்று தொடங்கினால் முக்கால்வாசிப் பேர் இறங்கி வருவார்கள். நாயைச் சொல்லாமல் கூட்டிப்போய் வாசலில் வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சீசன் ராத்திரியில் வேறு இடம் கிடைக்காது. அடுத்து நாயோடு கேட்டு வருகிறவருக்கும் அந்தக் கதவு மூடிவிடும்.

அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: நாய் எங்கள் அறைக்குள்ளேயே படுக்கலாமா? காம்பவுண்டுச் சுவர் நாலாபக்கமும் முழுதாக இருக்கிறதா, கேட் பூட்டுமா? அங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறதா, இருந்தால் ராத்திரி கட்டிவைப்பார்களா? சமையற்காரர் உப்பு, மசாலா, வெங்காயம் போடாமல் கொஞ்சம் சோறும் கோழியும் வேகவைத்துத் தருவாரா? நாய்க்கென்று தனிக் கட்டணம் எவ்வளவு, ஒரு நாளைக்கா மொத்தத்துக்கா? எல்லாம் பேசி முடித்ததும் நாயின் போட்டோவோடு வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள்: “லாப்ரடார், 32 கிலோ, இந்தத் தேதிகளில், அறைக்குள் எங்களோடு, கட்டணம் இவ்வளவு.” அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகு முன்பணம் அனுப்புங்கள். போய் இறங்கும்போது மேனேஜர் மாறியிருந்தாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அறையை உறுதி செய்த கையோடு பாஸ் நிலவரத்தையும் பாருங்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை என்று திட்டமிடுங்கள். பாஸ் இல்லாமல் சோதனைச்சாவடி வெயிலில் நாயோடு காத்து நிற்பது பெரிய சோதனை. இரண்டு மலைகளிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அவனுக்கான தண்ணீரை எவர்சில்வர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பயணம். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். நாய்க்கு உடம்பில் வியர்க்காது, பாதத்தில் சிறிது, அவ்வளவுதான். மூச்சிரைத்து, நாக்கு ஈரம் ஆவியாகித்தான் சூடு தணியும். நம் மாவட்டத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் வில்லன். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. உங்கள் நாய் குளியலறையை விட்டு நகராததற்குக் காரணம் இதுதான். வீட்டில் ஏர்கூலர் வாங்கி வைத்தும் பலன் இல்லை என்று பலர் சொல்வதும் இதனால்தான், அது ஈரத்தை இன்னும் கூட்டுகிறது. ஈரத்துணியால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துவிட்டு நேராக ஃபேன் போடுவது அதைவிட நல்லது.

கொடைக்கானல்தான் என்றால் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச்சாலையில் விட்டால் வெயில் ஏறுவதற்குள் மதுரையைக் கடந்து, வத்தலக்குண்டு வழியாக மலையேறிவிடலாம். மூணாறு என்றால் ராஜபாளையம், தேனி, போடி வழி. பகல் வெயிலில் தேனிச் சமவெளியைக் கடக்கும்படி கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தோல்வாரைப் பிடித்துக்கொண்டே பத்து நிமிடம் நடக்கவிட்டு, தண்ணீர் கொடுங்கள். சாப்பிட நிற்கும்போது ஒருவர் காரில் ஏசியோடு இருக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் தலை சுற்றும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து உணவு வேண்டாம், தண்ணீர் போதும். வாந்திக்கு நாய்களுக்கென்றே மாத்திரை உண்டு, உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லி வாங்குங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் தந்துவிடாதீர்கள். ரயிலில் போவதென்றால் முதல் வகுப்பு ஏசியில் இருவர் படுக்கும் கூபே அல்லது நால்வர் படுக்கும் கேபின் முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால்தான் நாயை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டுதான். கோடையில் அது வேண்டவே வேண்டாம்.

வழியில் இரைப்பு நிற்காமல், ஈறு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் வெப்ப மயக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி, 41 தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உதவிக்குக் கால்நடை மருத்துவத்துக்கான 1962 எண்ணை அழைக்கலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் ஊசி இரண்டும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிப் புத்தகம் கையில் இருக்கட்டும், கேரள எல்லை கடந்தாலும் தங்குமிடத்தில் கேட்டாலும் அதுதான் ஆதாரம். உண்ணி மருந்து ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று முடியை மழித்துவிடாதீர்கள். லாப்ரடாரின் இரட்டை முடி வெயிலையும் தடுக்கும், மலையில் குளிரையும் தாங்கும். வீட்டில் சிப்பிப்பாறையோ டாபர்மேனோ வைத்திருப்பவர்கள் இரவுக்குப் போர்வை கொண்டுபோக வேண்டும்.

மலையில் இறங்கியதும் மூன்று விஷயம் கவனம். காட்டுமாடு கொடைக்கானல் தெருக்களிலேயே நடமாடும், நாய் குரைத்தால் பாயும். பொழுது சாய்ந்தபின் நாயை முற்றத்துக்குக்கூடத் தனியாக அனுப்பாதீர்கள். தெருநாய்க் கூட்டம் தன் எல்லைக்குள் புதுநாயை விடாது, அதனால் நடை காலையில், கயிறோடு. அப்புறம் தீனி. மலையூரின் வீட்டுச் சாக்லேட் நாய்க்கு விஷம், அதிலும் கறுப்புச் சாக்லேட் கொடியது. கம்பம் பக்கம் வாங்கும் பன்னீர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டையும் காரின் பின்சீட்டில், அவன் பக்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

படகுச்சவாரி, பூங்கா, காட்சிமுனை எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நாயைக் கூட்டிப்போகாமல் இருப்பதே அவனுக்கு நல்லது. பூட்டிய அறையில் பகல் முழுக்க அழுது கிடக்க அவன் மலைக்கு வர வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்கள் மாறி மாறி உடன் இருக்க முடிந்தால் கூட்டிப்போங்கள். பக், ஷீட்ஸு போன்ற சப்பைமூக்கு இனங்கள், பத்து வயது தாண்டியவை, இதயக்கோளாறு உள்ளவை நீண்ட கார்ப் பயணத்தைத் தாங்குவது கடினம். அவற்றுக்கு வீட்டில் ஒரு ஏசி அறையும் நம்பிக்கையான ஆளும் போதும். ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் கல்குளம், விளவங்கோடு பக்கமே குளிர்ந்துவிடும், அதுவரைதான் சமாளிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது மலையிலிருந்து மாலையில் இறங்கி, இரவில் சமவெளியைக் கடந்துவிடுங்கள். குளிரில் இருந்துவிட்டு நேராகப் புழுக்கத்துக்கு வருவதால் முதல் சில நாள் நடையைச் சுருக்குங்கள். வந்த அன்றே காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் உண்ணியும் அட்டையும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூத்திரம் கருத்துப் போவது எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலைக்குப் போய்வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.