ஒரு கேஷ் டிஸ்க் போனால் நான்கும் சிவப்பாவது ஏன்?

வீசானில் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் விஎம்வேர் மென்பொருள்) கேஷ் எஸ்எஸ்டி, அதாவது முன்னால் நிற்கும் வேக டிஸ்க், போனதும் நான்கு டிஸ்க்கும் சிவப்பு என்றீர்கள். தரவை வைத்திருக்கும் மற்ற டிஸ்க்குகள் கெடவில்லை. வீசானின் பழைய வடிவமான ஓஎஸ்ஏ அமைப்பில் கேஷும் அதன் பின்னுள்ள டிஸ்க்குகளும் சேர்ந்தது ஒரு டிஸ்க் குரூப்; கேஷ் போனால் அந்தக் குரூப்பே போன கணக்குதான். புது எஸ்எஸ்டி செருகினால் போதாது. குரூப்பை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும்.

தேய்மானம் காரணமாக இருக்கலாம். எழுதுவதெல்லாம் முதலில் கேஷில்தானே விழுகிறது. ஆனாலும் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைக்கும் பதிவு) பாருங்கள். இங்கே டர்பனில் லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தபோது நல்ல எஸ்எஸ்டியே காணாமல் போய், கழற்றி மாட்டியதும் வந்தது!

ஒரு ஆப்ஜெக்ட்டாவது (விஎம்மின் டிஸ்க் போன்ற தரவுத் தொகுதி) அணுக முடியாத நிலையில் இருந்தால் குரூப்பைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் ஒரே பிரதி அதற்குள் இருக்கலாம். அப்புறம், மூன்றே ஹோஸ்ட் (சர்வர்), ஒவ்வொன்றிலும் ஒரே குரூப் என்றால் ரீசிங்க், அதாவது இழந்த பிரதியை மறுபடி உருவாக்கும் வேலை, நகராது; பிரதியை வைக்க வேறு இடம் இல்லை. அதற்குப் பதற வேண்டாம்.