சுண்ணாம்புச் சுவரும் தாழ்ந்த சோபாவும்: உள்ளலங்காரம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாடர்ன், மிட் செஞ்சுரி மாடர்ன், கன்டெம்பரரி மூன்றும் ஒன்றுதானா? கடைக்குக் கடை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: மூன்றும் வேறு. கன்டெம்பரரி என்பது இன்றைக்கு எது நடப்பில் இருக்கிறதோ அது. பத்து வருடம் கழித்து அதே சொல் வேறொரு அறையைக் குறிக்கும். மாடர்ன் அப்படியல்ல, ஒரு காலகட்டத்தோடு ஒட்டிய பெயர். ஜெர்மனியில் 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி அதன் முக்கியமான ஊற்றுக்கண். அங்கே மார்செல் பிராயர் 1925இல், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து, எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். மிட் செஞ்சுரி என்பது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். அந்தப் பெயர் பரவியதோ 1980களில்தான்.

பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள், குழப்பம் தீரும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, உடைந்த காலுக்குக் கட்டும் அணைப்பலகைகளை ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் 1940களின் நடுவில் அவர்களுடைய நாற்காலிகளாக வந்தது. அதனால்தான் அந்தப் பாணி நாற்காலிகளில் பலகையின் விளிம்பு மூடப்படாமல் அடுக்கடுக்காகத் தெரியும். விளிம்பில் பட்டை ஒட்டி மறைத்திருந்தால், செய்தவர் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று பொருள்.

கேள்வி: கூம்பிய கால்கள் கொண்ட தாழ்வான சோபா வாங்கினோம். கடையில் அழகாக இருந்தது. எங்கள் ஹாலில் ஏதோ தரையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

பதில்: குறை சோபாவில் இருக்காது, அதன் அண்டை அயலில் இருக்கும். இந்த வகை சோபாவின் இருக்கை பெரும்பாலும் 15, 16 அங்குல உயரம்தான். பக்கத்தில் ஏழடி அலமாரி நின்றால் சோபா குன்றித்தான் தெரியும். அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். சோபாவை ஒட்டித் தாழ்வான, நீளமான பொருட்களே இருக்கட்டும்.

டீப்பாய் இருக்கையின் மட்டத்திலோ, ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை அடி விடுங்கள். அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் டம்ளர் எட்டாது. விரிப்பின் மேல் சோபாவின் முன்னங்கால்களாவது ஏறியிருக்கட்டும். நடு ஹாலில் தனித்தீவாகக் கிடக்கும் சின்ன விரிப்புதான் பல வீடுகளில் அறையைச் சுருக்கிக் காட்டுகிறது. படத்தைச் சோபாவின் முதுகிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்துக்குள் தொங்கவிடுங்கள். நின்றபடி பார்க்கும் உயரத்தில் மாட்டினால் இடையில் வெற்றுச்சுவர் தெரிந்து, சோபா இன்னும் இறங்கும்.

கால்களையும் எண்ணிப் பாருங்கள். சோபாவுக்கு நான்கு, இரு நாற்காலிக்கு எட்டு, டீப்பாய்க்கு நான்கு என்று கூடிவிட்டால் கீழே ஒரு காடு. இந்தக் கால் நெரிசலை ஒழிக்கவே வடிவமைப்பாளர் ஈரோ சாரினன் 1950களில் ஒற்றைத் தண்டில் நிற்கும் டியூலிப் மேசை, நாற்காலிகளை வடிவமைத்தார். உங்கள் டீப்பாயும் ஒற்றைத் தண்டு வட்டமேசையாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கேள்வி: எமல்ஷன் பூசிய சுவரின் மேல் லைம்வாஷ் (சுண்ணாம்புப் பூச்சு) அடித்தோம். மூன்றே மாதத்தில் ஓரிடத்தில் செதில் செதிலாக உரிகிறது. இன்னோரிடத்தில் கை பட்டால் தூள் ஒட்டுகிறது. சரக்கு மட்டமா?

பதில்: சரக்கைச் சந்தேகிப்பதற்கு முன், இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிவது, சுண்ணாம்புக்குப் பிடிமானம் இல்லாததால். நீற்றிய சுண்ணாம்பு சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும் பொருள். எமல்ஷனோ சுவர்மேல் பிளாஸ்டிக் தோல் போலப் படிந்து துளைகளை அடைத்துவிடுகிறது. ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சி இடம் கறுத்தால் நல்லது. முத்து முத்தாக உருண்டு வழிந்தால் அந்தச் சுவர் சுண்ணாம்பை ஏற்காது. உரிந்த பகுதியை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுச் சுவரையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, குவார்ட்ஸ் மணல் கலந்த மினரல் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஜிப்சம் சுவருக்கும் அந்தப் பிரைமர் தேவை.

தூள் உதிர்வது, சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்பே காய்ந்துவிட்டதால். காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு கல்லாக மாறுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டாலோ, வெயில் நேராக விழுந்தாலோ ஈரம் போய்விடும், தூள்தான் மிஞ்சும். இதற்கு மருந்து எளிது. தளர்ந்த தூளை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, நான்கைந்து நாள் காலையும் மாலையும் புகைபோலத் தண்ணீர் தெளியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் மெல்லியதாக ஒரு கோட் போடுங்கள்.

திரும்ப அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கலவை நீர்த்த பால் பதத்தில் இருக்கட்டும். சுவரை நனைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஓடக் கூடாது. அகலமான பிரஷால் பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்கும் இழுங்கள். அந்த மேகத் திட்டுகள் வருவது இந்த இழுப்பில்தான், ரோலரில் வராது. ஈரமாக இருக்கும்போது பின்னால் உள்ள சுவர் அப்படியே தெரியும், காயக் காயத்தான் மூடும். இது தெரியாமல் பதறிப்போய்த் தடிமனாக அப்புபவர்களுக்கு வெடிப்பு நிச்சயம். கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி, மொத்தம் இரண்டு அல்லது மூன்று கோட். மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் அந்தக் கோடு நிரந்தரமாக நிற்கும், ஆகவே பெரிய சுவருக்கு இருவர் வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

டப்பாவின் மேல் 'அக்ரிலிக்' என்ற சொல் இருந்தால் அது சுண்ணாம்பின் சாயலில் செய்த பெயிண்ட். மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. அசல் லைம்வாஷ் சுவரைத் துடைத்துக் கழுவவும் முடியாது. அடுப்புக்குப் பின்சுவரில் வேண்டாம்.

கேள்வி: மினிமலிசம் (குறைந்த பொருட்களோடு எளிமையாக அமைப்பது) பிடிக்கும் என்று வீடு முழுக்க வெள்ளை அடித்தோம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே?

பதில்: முதலில் பல்பைப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 6500 கெல்வின் எல்இடி நீலம் பாய்ந்த வெளிச்சம் தரும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 வரை, சமையல் மேடைக்கு 4000 போதும். ஒரே அறையில் 2700ஐயும் 6500ஐயும் கலக்காதீர்கள். ஒரே வெள்ளைச் சுவர் ஒரு மூலையில் மஞ்சளாகவும் மறு மூலையில் நீலமாகவும் தெரியும். நிறங்கள் நிறங்களாகத் தெரிய சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பாக வாங்குங்கள். விட்டத்து நடுவிளக்கு ஒன்றே எரிந்தால் நிழல் இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வரும் இரண்டு நிழற்குடை விளக்குகள் வையுங்கள்.

அதன் பிறகும் குறை இருந்தால் பெயிண்ட். எந்த வெள்ளையும் சுத்த வெள்ளை அல்ல. சுவர்மேல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் நீலமோ பச்சையோ இளஞ்சிவப்போ உடனே வெளியே வரும். தரையின் நிறமும் சுவரில் ஏறும். சிவப்புக் கம்பளம் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியை ரோஜா நிறமாக்கும்.

கேள்வி: ஒன்பதடி உயரத்தில் விட்டம் உள்ள அறைக்கு இண்டஸ்ட்ரியல் பாணி ஒத்துவருமா?

பதில்: குழாய்களைத் திறந்துவிட்டுக் கறுப்படிக்கும் அளவுக்கு ஒத்துவராது. அந்தப் பாணி நியூயார்க்கின் சோஹோ பகுதியில், காலியான பழைய தொழிற்கூடங்களில் கலைஞர்கள் குடியேறியபோது பிறந்தது. உயரமான விட்டமும் சுவரளவு ஜன்னல்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. தாழ்ந்த அறையில் விட்டத்தை வெளிர்நிறமாக விட்டுவிட்டு, இரும்பையும் பழைய மரத்தையும் அலமாரியிலும் விளக்கிலும் மட்டும் காட்டுங்கள். செங்கல் சுவர் இருந்தால், நீராவி வெளியேற விடும் சீலரை ஒரு கோட் அடியுங்கள், பொடி உதிர்வது குறையும்.

கேள்வி: ஆர்ட் டெகோ திரும்ப வந்திருக்கிறதாமே. வரிவரியான ஃப்ளூட்டட் பேனலைப் படுக்கையறை முழுக்க ஒட்டலாமா?

பதில்: ஒரு சுவர் போதும், அதுவும் கட்டிலின் தலைமாட்டில். 1925 பாரிஸ் கண்காட்சியின் பெயரிலிருந்து பின்னாளில் பெயர் பெற்ற பாணி இது. அதில் வரிகள் கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கும் வேலையைச் செய்தன. நான்கு சுவரிலும் போட்டால் கண்ணுக்கு ஓய்விடம் இல்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் தூசு தங்கும். பேனல் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால், வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் பிரைமர் அடித்து, தரையிலிருந்து கால் அங்குலம் தூக்கி ஒட்டுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் ஏறினால் அடிவிளிம்பு ரொட்டி போல உப்பிவிடும். உப்பியது பழையபடி அடங்காது, மாற்றத்தான் வேண்டும்.