காணி உறுதியை ஈடு வைக்குமுன்: போர்ச் சட்டம் படிக்க விரும்பும் மகளின் பெற்றோருக்கு

உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய மகளின் இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குப் போதாது என்று தெரிந்ததும், வெளிநாட்டில் காசு கட்டியாவது டொக்டராக்கு என்று கட்டாரிலிருக்கும் சாச்சா நெருக்குகிறார். பிள்ளையோ சட்டம், அதிலும் போரில் பொதுமக்களைக் காக்கும் சட்டம் படிக்கப்போகிறேன் என்கிறாள். இந்தக் கவலையோடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்த வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சிறிது நேரம் ஆறுதல் சொன்னேன். வீட்டு உறுதியை ஈடு வைத்துத்தான் பணம் கட்டுவோம் என்று உம்மா சொன்னதும் அதை நிறுத்திவிட்டேன். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த வாப்பா, திரும்பி வந்து கட்டிய வீடு அது. பிள்ளை கேட்காத பட்டத்துக்காக அதை வங்கியில் வைக்கக் கூடாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர் இங்கே தகுதிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும் என்பதைச் சாச்சா சொல்லியிருக்கமாட்டார்.

மகள் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்தாள். இடப்பக்கத்தில், போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இவள் போரிடுபவளாக இருக்கவில்லையே என்று சொன்னதாக அபூதாவூதில் பதிவான ஹதீஸ், மத்ரஸாவில் பழகிய அழகான அரபு எழுத்தில் இருந்தது. வலப்பக்கத்தில், நேரடியாகப் போரில் பங்குகொள்ளாதவரை பொதுமக்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்னும், போர் விதிகளைக் கூறும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறையின் 51ஆம் உறுப்புரை. கீழே சிவப்பு மையில், ‘காரணம் பெண் என்பதல்ல, போரிடவில்லை என்பது’ என்று எழுதியிருந்தாள். இதை அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இஸ்லாமியச் சட்டத்தில் இத்துறைக்கு ஸியர் என்று பெயர். 805இல் காலமான இமாம் ஷைபானீ இதைத் தனி நூலாகவே எழுதினார். பிள்ளைகள் உள்ளே இருக்கும் கோட்டையின்மீது கவண்பொறியால் கல்லெறியலாமா, எதிரி அவர்களைக் கேடயமாக முன்னிறுத்தினால் என்ன செய்வது என்று பழைய சட்ட அறிஞர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டு வாதிட்ட கேள்விகளே இன்று விமானக் குண்டுவீச்சைப் பற்றியும் கேட்கப்படுகின்றன. முஸ்லிம் நாடுகளின் போர்களில் ஆயுதமேந்தியவர்களோடு பேசுவதற்கு ஜெனீவா உடன்படிக்கையை மட்டும் அறிந்தவரைவிட இரண்டையும் மூலமொழியில் வாசித்தவரே பயன்படுவார் என்பதால், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு இஸ்லாமியச் சட்டத்துக்கென ஆலோசகரையே வைத்திருக்கிறது. 1990இல் யாழ்ப்பாண வைத்தியசாலையைப் பாதுகாப்பு வலயமாக்கியதும் அந்தக் குழுதான். வைத்தியசாலைகளைத் தாக்கக் கூடாது என்பது 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில் 18ஆம் உறுப்புரை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் சட்டமாணிப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. உயிரியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு, ஆனால் வீட்டை ஈடு வைக்கும் அளவுக்கு அல்ல. செஞ்சிலுவைக் குழு போன்ற இடங்களில் பதவிகள் குறைவு என்பதையும் மறைக்கமாட்டேன். ஆகவே பட்டத்தோடு நிற்காமல் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணமும் செய்யட்டும்; நீதிமன்றத் தொழில் சோறு போடும். அரபை மட்டும் விட்டுவிடவே கூடாது, ஆங்கிலத்தை இன்றிலிருந்தே கூட்ட வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தை அவளே நிரப்பட்டும். சாச்சாவுக்கு விளக்கம் வேண்டுமென்றால் என்னோடு பேசச் சொல்லுங்கள். உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.