வேலையை விட்ட பிறகும் ரகசியம் காக்க வேண்டுமா?

ஒப்பந்தம் முடிந்தால் ரகசியம் காக்கும் கடமையும் முடிந்துவிடுமா என்பது கேள்வி. இந்தியாவில், முடிந்துவிடாது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ரகசியம் காக்கும் பிரிவு தொடரும் என்று எழுதியிருந்தால் அது பொதுவாகச் செல்லும். எழுதாவிட்டாலும், நம்பி ஒப்படைத்த தகவலைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு நீதிமன்றம் தடையாணை தரலாம்.

எது ரகசியம் என்பதில்தான் சண்டையே. 1986-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஃபசெண்டா சிக்கன் வழக்கைப் பாருங்கள். வேன்களில் கோழிக்கறி விற்ற நிறுவனத்தின் விற்பனை மேலாளர் விலகிப் போய்ப் போட்டித் தொழில் தொடங்கினார். வாடிக்கையாளர் யார், எந்த வழியில் போக வேண்டும், என்ன விலை என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. அவை வணிக ரகசியம் அல்ல என்றது நீதிமன்றம். ரகசியத் தயாரிப்பு முறை என்றால் அது வேறு கதை. வேலையில் இருக்கும்போதே பட்டியலை நகலெடுத்தாலும், திட்டமிட்டு மனப்பாடம் செய்தாலும் தப்ப முடியாது. ஆகவே மடிக்கணினியைத் திருப்பித் தரும் முன் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். வழக்குகளில் முதலில் சிக்குவது அதுதான்.

ரகசியப் பிரிவு என்ற பெயரில் "இரண்டு ஆண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்று நுழைத்திருக்கிறார்களா? வேலை முடிந்த பிறகு அந்தத் தடை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ரகசியம் காக்கும் பிரிவை மீறினால் 10 லட்சம் ரூபாய் என்று எழுதியிருந்தாலும் அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆவது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் முடிவு செய்யும்.