மார்க் 4 டாங்கி, 28 மி.மீ. மேசைப் போருக்கு: தகடு வெட்டிக் கட்டுவோருக்கான கேள்வி பதில்

முதல் உலகப் போரில், 1917 நவம்பர் 20 அன்று கம்ப்ரே களத்தில் இறங்கிய பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கியை, மேசைப் போர் விளையாட்டின் 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்குப் பொருந்தும் அளவில், தயார் பாகங்களோடு வரும் கிட் எதுவும் வாங்காமல் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே கட்ட விரும்புகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், இதுவரை கிட் மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன். வெறும் தகட்டிலிருந்து கட்ட முதல் வண்டியாக ஷெர்மன் எடுக்கலாமா?

வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனில் சுழல் கோபுரம் வார்ப்பு, முன்மூக்கு வளைவு, ஒரு பக்கத்துக்கு மூன்று சக்கரப் போகிகள். ஆறு போகிகளையும் ஒரே அச்சாகச் செய்வது பழகிய கைக்கே சோதனை. மார்க் 4 தட்டைத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த பெட்டி. கோபுரம் கிடையாது. உருளைகள் பக்கச் சட்டத்துக்குள் மறைந்துவிடும். ஸ்பிரிங்கும் இல்லை. தடம் சுற்றி வரும் சட்டத்தின் முன்னும் பின்னும் மட்டுமே வளைவு. நேர்கோடு வெட்டத் தெரிந்தவர் இதை முடித்துவிடலாம்.

கேள்வி: 28 மி.மீ. பொம்மைகளுக்கு 1/56 சரியா, 1/48 சரியா? வரைபடம் 1/72-இல்தான் கிடைத்திருக்கிறது.

1/56 எடுங்கள். அசல் நீளம் 8.05 மீட்டர். 56-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 144 மி.மீ. 1/48 என்றால் 168 மி.மீ. ஆகிவிடும், நான்கு டாங்கி நின்றால் மேசையில் காலாட்படைக்கு இடமிருக்காது. பொம்மைகள் அடிப்பலகை மேல் நிற்பதாலும் உடல்வாகு பருமனாக இருப்பதாலும் சிலர் 1/48 பக்கம் போகிறார்கள். அதுவும் தவறில்லை, ஆனால் ஒரு மேசையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மற்ற அளவுகள்: ஆண் வகை டாங்கியின் முழு அகலம் 4.12 மீட்டர், அதாவது 73.5 மி.மீ. பெண் வகை 3.2 மீட்டர், 57 மி.மீ. உயரம் ஏறத்தாழ 44 மி.மீ. ஆண் என்றால் இரண்டு 6-பவுண்டர் பீரங்கியும் மூன்று லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும். பெண் என்றால் ஐந்து லூயிஸ் மட்டும்.

1/72 வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் 128.6 சதவீதத்துக்குப் பெருக்கச் சொல்லுங்கள். 1/76 என்றால் 135.7, 1/48 என்றால் 85.7, 1/35 என்றால் 62.5. நகல் எடுக்கும்முன் வரைபடத்தின் ஓரத்தில் நெடுக்கே ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக 50 மி.மீ. கோடு போட்டுக்கொள்ளுங்கள். 128.6 சதவீதத்தில் இரண்டும் 64.3 மி.மீ. வரவேண்டும். ஒரு திசை மட்டும் நீண்டால் அந்த நகலைத் தூக்கிப் போடுங்கள். கணினியில் அச்சிடும்போது தாளுக்குப் பொருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அளவு தப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: அண்ணா, ஸ்டைரீன் ஷீட் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. சன்போர்டு போதுமா? தெர்மக்கோல்?

கட்டட மாதிரிப் பொருள் விற்கும் கடைகளில் ஹிப்ஸ் ஷீட் என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் ஸ்டைரீன்தான். ஒரு டாங்கிக்கு 1 மி.மீ. தகடு ஏ4 அளவில் இரண்டு, 0.5 மி.மீ. ஒன்று, 0.25 மி.மீ. அரைத் தாள் போதும்.

சன்போர்டு பி.வி.சி. நுரை. உள்ளே இடைக்கட்டையாக வைக்க நல்லது, வெளித்தகடாக வேண்டாம். வெட்டு முகத்தில் நுரைக்கண் தெரியும், நகம் பட்டாலே பள்ளம் விழும். ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் பசையான ஸ்டைரீன் சிமெண்ட் அதை நம்பும்படி பிடிக்காது. அந்த இணைப்புக்கு மட்டும் ஃபெவிக்விக் போடுங்கள். தெர்மக்கோலைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். சிமெண்டும் ஸ்பிரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும்.

கேள்வி: வரைபடத்தை அப்படியே ஒட்டி வெட்டினேன். ஆனாலும் வண்டி அகலம் கூடிவிட்டது, கூரை பொருந்தவில்லை. எங்கே பிழை?

தகட்டின் கனத்தைக் கழிக்கவில்லை. வரைபடம் காட்டுவது வெளி அளவு. உதாரணத்துக்கு, தடச் சட்டத்தின் வெளி அகலம் 9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 1 மி.மீ. தகடு வந்தால் நடுவிலுள்ள இடைக்கட்டை 7 மி.மீ. தான். 9 என்றே வெட்டினால் ஒரு சட்டம் 11 ஆகும். இரண்டு சட்டத்திலும் சேர்ந்து 4 மி.மீ. கூடும், அசல் வண்டியில் அது 22 சென்டிமீட்டருக்கு மேல்.

ஆகவே வெட்டத் தொடங்கும்முன் ஒவ்வொரு மூலையிலும் எந்தத் தகடு எதன் விளிம்பை மூடுகிறது என்று தீர்மானித்து வரைபடத்திலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள். மார்க் 4-க்கு எளிய வழி இது: பக்கத் தகடுகள் முழு அளவு, கூரையும் தரையும் முன்முகப்பும் அவற்றின் நடுவே அடங்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு முறை முழு வண்டியையும் வெட்டி டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை, ஆனால் பிழை முழுவதும் அட்டையோடு போய்விடும்.

நான்கு பக்கத் தகடும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தனித்தனியாக வரைந்து வெட்டினால் இருக்காது. தோராயமாக 1 மி.மீ. பெரிதாக வெட்டி, நான்கையும் இருபக்க டேப்பால் அடுக்கி, ஒரே கட்டையாக உப்புத்தாளில் தேயுங்கள். வளைவுகளும் அப்போதுதான் ஒத்துவரும். பிரிப்பதற்கு முன் ஒரு முனையில் குறுக்கே கோடு போட்டு எது முன்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதென்றால் அறுப்பதில்லை. எஃகு ஸ்கேல் வைத்து லேசாக நான்கைந்து முறை கீறி, மடக்கினால் ஒடியும். முதல் கீறலிலேயே அழுத்தினால் கத்தி ஸ்கேலை விட்டு ஓடும். கீறிய விளிம்பில் எழும்பும் பிசிறைக் கத்தி முதுகால் சுரண்டிவிடுங்கள், இல்லையேல் இணைப்பில் இடைவெளி நிற்கும்.

கேள்வி: ஒட்டி முடித்தபோது நேராக இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கூரை உள்வாங்கிவிட்டது. மட்டமான தகடா?

தகட்டின் மேல் குற்றமில்லை. பெட்டியை முழுதாக மூடிவிட்டீர்கள். சிமெண்டின் ஆவி உள்ளே அடைபட்டு ஸ்டைரீனை நாள்கணக்கில் மென்மையாக்கும். அகலமான, தாங்கல் இல்லாத தகடுதான் முதலில் குழியும். அடித்தகட்டில் 3 மி.மீ. துளை இரண்டு, உள்ளே ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் ஒன்று போடுங்கள். கூரைக்கு அடியில் 30 மி.மீ. இடைவெளிக்கு ஒரு தடுப்புச் சுவர் நிறுத்துங்கள். இரண்டு தகட்டை அடுக்கி ஒட்டும்போது பரப்பு முழுக்கச் சிமெண்ட் பூசாமல் ஓரங்களில் மட்டும் விட்டு, கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரவு வையுங்கள்.

டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த சிமெண்டைப் பூசவே கூடாது. தகடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால் அதுவே உள்ளே ஓடும். அரை நிமிடம் பிடியுங்கள். விரல் இணைப்புக்கு நேரே இருந்தால் ரேகை தகட்டில் பதிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த ஆவி உடம்புக்கு ஆகாது.

வண்டி முழுவதையும் ஃபெவிக்விக்கிலேயே ஒட்டினால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். அது நொறுங்கும் பிடி. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் மூலைகள் விட்டுவிடும். சிமெண்ட் இரு தகட்டையும் கரைத்து ஒன்றாக்குகிறது. பலர் கையில் புழங்கும் விளையாட்டு மாதிரிக்கு இந்த வலு அவசியம்.

கேள்வி: ரிவெட் நூற்றுக்கணக்கில் இருக்கிறதே! எல்லாவற்றையும் போட வேண்டுமா?

வேண்டாம், ஆனால் ரிவெட் இல்லாத மார்க் 4 வெறும் அட்டைப்பெட்டி போல் தெரியும். தகடு சேரும் கோடுகளில் மட்டும் போடுங்கள். அசல் அளவுக்குச் சுருக்கினால் பெயின்டுக்கு அடியில் காணாமல் போகும், 0.6 முதல் 0.8 மி.மீ. வரை பெரிதாகப் போடுவதே மேசைக்குப் பொருத்தம். இடைவெளி 2.5 மி.மீ.

மலிவான வழி, குண்டூசி முனையில் ஃபெவிகால் எடுத்துப் புள்ளி வைப்பது. காய்ந்தால் சுருங்கிவிடும், அதனால் இரண்டாம் சுற்று தேவை. வழவழப்பான தகட்டில் பிடிக்காது. ப்ரைமர் அடித்த பிறகே வையுங்கள். உறுதியான வழி, 0.25 மி.மீ. தகட்டை 3 மி.மீ. பட்டையாக வெட்டி, ரப்பர் பாய் மேல் கவிழ்த்து, மழுங்கிய ஊசியால் பின்பக்கத்திலிருந்து அழுத்துவது. புடைப்பு முன்பக்கம் வரும். பட்டையை இணைப்புக் கோட்டின் மேல் ஒட்டினால் அசலில் உள்ள இணைப்புப் பட்டையும் கிடைத்துவிடும். சிமெண்ட் அதிகமானால் புடைப்பு கரைந்து தட்டையாகும். விளிம்பில் மட்டும் தொடுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் நக அலங்கார நுண்மணிகளையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொன்றாக வைக்கப் பொறுமை வேண்டும்.

கேள்வி: தடத்தை எப்படிச் செய்வது? பட்டை வளைவில் விரிசல் விடுகிறது.

அசல் வண்டியில் ஒரு பக்கத்துக்கு 90 தகடுகள். ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர் அகலம், நமக்கு 9.3 மி.மீ. சட்டத்தைச் சுற்றி நூல் வைத்து நீளம் பாருங்கள், 90-ஆல் வகுத்தால் ஒரு தகட்டின் அளவு வந்துவிடும். மூன்றரை மி.மீ. பக்கத்தில் இருக்கும்.

முதலில் 0.25 மி.மீ. பட்டை ஒன்றைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டுங்கள். வளைவுக்குப் போகும் பகுதியைச் சூடான நீரில் நனைத்து பேனா மேல் உருட்டிப் பழக்கிய பிறகு ஒட்டினால் விரிசல் விடாது. அதன் மேல் 0.5 மி.மீ. தகட்டில் வெட்டிய துண்டுகளை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 180 துண்டு வேண்டும், 190 வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அளந்து வெட்டாதீர்கள். வெட்டும் பலகையில் ஒரு கட்டையை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்துப் பிளேடை இறக்கினால் எல்லாம் ஒரே அளவு. பத்துக்கு ஒருமுறை குறுக்குச் சதுரம் பாருங்கள், கோணல் ஒன்றில் தொடங்கினால் கடைசி வரை கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: பால்பாயின்ட் ரீஃபிலைப் பீரங்கிக் குழலாக வைத்தேன். பெயின்ட் உரிகிறது.

ரீஃபில் பிளாஸ்டிக் பெயின்டையும் பசையையும் ஏற்காத வகை. 2 மி.மீ. பித்தளைக் குழாய்க்கு மாறுங்கள். 6-பவுண்டர் 57 மி.மீ. வாய், குழல் நீளம் அந்த வாயைப்போல் 23 மடங்கு. 1/56-இல் குழல் 23 மி.மீ. மட்டுமே. பலர் இதை நீளமாக வைத்துவிடுகிறார்கள். நீண்ட குழல் மார்க் 1 காலத்தது. பள்ளங்களில் முட்டிக்கொண்டதால்தான் மார்க் 4-இல் குட்டையாக்கினார்கள். லூயிஸுக்கு 2 மி.மீ. ஸ்டைரீன் தண்டு, அதன் குளிர்ப்பு உறை அவ்வளவு தடிமன்.

கேள்வி: ஒரே உடலை ஆணாகவும் பெண்ணாகவும் மாற்றி ஆட முடியுமா?

முடியும். பக்கவாட்டில் பிதுங்கும் துப்பாக்கிக் கூண்டான ஸ்பான்சன்தான் வேறுபாடு. இரண்டு ஜோடி செய்து, ஒவ்வொன்றிலும் 3×2 மி.மீ. நியோடைமியம் காந்தம் இரண்டு வையுங்கள். உடலில் உள்ளவற்றை முதலில் ஒட்டிக் காயவிட்டு, அவற்றோடு தானாகச் சேர்ந்த காந்தத்தின் வெளிமுகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி உள்ளே போகும்படி ஸ்பான்சனில் ஒட்டுங்கள். துருவம் மாறினால் பிறகு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: கம்ப்ரே டாங்கிக்கு முகப்பில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை உண்டா? மேலே இருக்கும் சுள்ளிக் கட்டு எவ்வளவு பெரியது?

பட்டை 1918-இல் வந்தது, கம்ப்ரேக்குப் போடாதீர்கள். உடல் முழுக்கக் காக்கிப் பழுப்பு. பெயர் எழுதுவதானால் பட்டாலியன் எழுத்தில் தொடங்க வேண்டும்: டி பட்டாலியனின் டெபோரா, எண் டி51, பெண் வகை. 1998-இல் ஃபிளெஸ்கியர் கிராமத்தில் தோண்டியெடுத்தார்கள். ஆண் வகைக்கு இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள வண்டியின் படங்களைப் பாருங்கள்.

சுள்ளிக் கட்டு அகழியை நிரப்புவதற்கு. 10 அடி நீளம், நாலரை அடி விட்டம். நமக்கு 54 மி.மீ., 24 மி.மீ. தென்னை விளக்குமாற்று ஈர்க்கின் மெல்லிய நுனிப் பகுதி இதற்கு அளவாகப் பொருந்தும். 16 மி.மீ. காகிதச் சுருளை நடுவில் வைத்து வெளியே மட்டும் ஈர்க்கை அடுக்கினால் பாரமும் குறையும், நேரமும் மிஞ்சும். முனைகளில் மட்டும் சுருளுக்குள்ளும் குச்சி செருகுங்கள். மின்வயரின் செப்பு இழை இரண்டை முறுக்கி, சுத்தியலால் லேசாகத் தட்டினால் சங்கிலி. கட்டு ஓட்டுநர் அறைக்கு மேலே அமரும்.

கேள்வி: மேட் வார்னிஷ் அடித்ததும் வெண்மை படர்ந்துவிட்டது.

காற்றில் ஈரம். மழை நாளிலும் கடலோர ஊர்களின் மாலையிலும் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். உலர்ந்த முற்பகலில், 25 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். ஏற்கெனவே வெளுத்ததன் மேல் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். நன்றாகக் காய்ந்த பின் மேட்டை மறுபடி அடிக்கலாம்.