கேட்டதும் சொன்னதும்: பழைய வால்வு அம்ப்ளிபயர்கள்

கேள்வி: லண்டனில் இருந்து வந்த குவாட் 2 அம்ப்ளிபயர் சோடி ஒன்று விலைக்கு இருக்கிறது. நன்றாகப் பாடுகிறது என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், கொக்குவில்)

பதில்: பாடுகிறது என்பதை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கப்பாசிற்றர் ஊடாகக் கரன்ட் ஒழுகும் குவாட்டும் சில காலம் இனிமையாகத்தான் பாடும். 1953இல் வெளிவந்த இந்த அம்ப்ளிபயரின் பெறுமதி முழுவதும் றான்ஸ்போமர்களில் இருக்கிறது. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளைப் பிறகும் வாங்கலாம். அசல் அவுட்புட் றான்ஸ்போமர் எரிந்தால் இங்கே சுற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டும். ஆகவே கரன்ட் கொடுக்காமலே, கே.ரி.66 வால்வுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு சொக்கற்றுகளின் 3ஆம் முள்ளுக்கும் இடையே ஓம் மீற்றரால் பாருங்கள். தொடர்பு அறுந்திருந்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள். நாவற்குழி, குருநகர்ப் பக்கத்து உப்புக்காற்றில் கிடந்த பெட்டியென்றால் சொக்கற் முள்ளுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கரன்ட் கொடுத்துப் பார்ப்பது. உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் ஓடுகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரே இதைச் செய்யட்டும். ஸ்பீக்கரைக் கொளுவாமல் ஒருபோதும் போடக்கூடாது. முதல் முறை 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் வைத்துக் கொடுப்பது நல்லது. உள்ளே சோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் நிற்கும், பெட்டி தப்பும்.

பல்ப்பை எடுத்துவிட்டு அளந்தால், இரண்டு கே.ரி.66க்கும் பொதுவான 180 ஓம் ரெசிஸ்ரரில் ஏறத்தாழ 26 வோல்ற் வரவேண்டும். அது சரியாக இருந்தாலும் திருப்திப்பட வேண்டாம். ரெசிஸ்ரர் பொது என்பதால் ஒரு வால்வு அளவுக்கு மிஞ்சி இழுக்க, மற்றது பட்டினி கிடக்க, மீற்றர் 26ஐயே காட்டக்கூடும். உண்மையைச் சொல்வது வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிறிட், அதாவது 5ஆம் முள். அங்கே டிசி வோல்ற் கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்க வேண்டும். கிறிட் ரெசிஸ்ரர் 680 கிலோஓம் என்பதால், கிறிட்டுக்குப் போகும் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரில் 5 மைக்ரோ அம்பியர் ஒழுகினாலே 3.4 வோல்ற் ஏறிவிடும். பிறகு வால்வின் தகடு சிவக்கும், அதோடு அவுட்புட் றான்ஸ்போமரும் சூடேறும்.

வோல்ற் இருந்தால் கரன்ட்டை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றுங்கள். வோல்ற்றும் வால்வோடு கூடப் போனால் பழுது வால்வில். முந்திய சொக்கற்றிலேயே நின்றால் கப்பாசிற்றரில். கப்பாசிற்றர் என்றால் சிறு செலவுதான். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், வாங்குங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா டைனகோ எஸ்.ரி.70 அம்ப்ளிபயர் அனுப்புகிறார். 110 வோல்ற் ஸ்டெப்டவுன் வைத்தால் போதுமா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: பாடும், ஆனால் பவர் றான்ஸ்போமர் வேகும். ஸ்டெப்டவுன் வோல்ற்றைத்தான் குறைக்கும். நமது 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. அதே வோல்ற்றுக்கு இரும்புக்குள் காந்தப்பாயம் 1.2 மடங்காகும், அந்த றான்ஸ்போமரோ கனடாவிலேயே சூடாக ஓடுவது. 100 வோல்ற்றாகக் குறைத்தால் சூடு அடங்கும், ஆனால் 6.3 வோல்ற் ஃபிலமென்ற் 5.4க்கு இறங்கி வால்வுகளைக் கெடுக்கும். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் பவர் றான்ஸ்போமர் ஒன்றைப் போடுவதே சரி. பழையதை எறிந்துவிடாதீர்கள், விற்கும்போது அசல் பாகம் கூட இருந்தால் நல்ல விலை போகும். சித்தப்பா ரேர்ன்டேபிளும் அனுப்புவதாக இருந்தால் மோட்டரைக் கேட்டுவிடுங்கள். கரன்ட்டின் ஹேர்ட்ஸுக்கு ஏற்பச் சுற்றும் 60 ஹேர்ட்ஸ் சிங்கிரனஸ் மோட்டரென்றால் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு இங்கே 27.8 முறைதான் சுற்றும்.

கேள்வி: அப்பாவின் முல்லார்ட் ஈ.எல்.34 வால்வுகள் நான்கை விற்க வேண்டும். துடைத்துப் படம் எடுக்கலாமா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: எழுத்துள்ள இடத்தைத் தொடவே வேண்டாம், ஈரத்துணி பட்டாலே அழிந்துவிடும். வாங்குபவர் தேடுவது கண்ணாடியின் அடியில் பொறித்த சிறிய குறியீட்டை. முதல் வரியில் எக்ஸ்எஃப்1, எக்ஸ்எஃப்2 என்றவாறும், இரண்டாம் வரி பிளக்பேர்ன் தொழிற்சாலைக்குரிய பி என்ற எழுத்திலும் தொடங்கினால் சரக்கு அசல். அதைக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வை நான்கோடு சேர்த்து விற்காதீர்கள்.